சட்டை என்னுடையது, சுட்டது உன் மகன்

பைக் ஆற்று முகாம்,
மேல் மிச்சிகன்.
நவம்பர் 21, சனிக்கிழமை.

அன்புள்ள மைத்துனன் டெல்பர்ட்டுக்கு, உன் அக்காள் புருஷன் வெர்னர் ஹகாலா எழுதிக்கொள்வது.

இன்று காலை வரை உறுதியான செய்தி: உன் மகன் டேரில் சுட்ட மான் நலமாக இருக்கிறது. ஓடைக்கரையில் அது தேவதாருக் கொழுந்து மேய்ந்துகொண்டிருந்ததை நானே நேரில் பார்த்தேன். என் கையில் துப்பாக்கி இல்லை, தண்ணீர் வாளிதான் இருந்தது. இடது கொம்பில் நுனி ஒடிந்த அதே எட்டுக்கிளைக் கலைமான். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமைக்கு இப்போது கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கிறது. டேரிலும் சுகமாக அரிசோனா வந்து சேர்ந்திருப்பான் என்று நம்புகிறேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, ஏனென்றால் நான் கூப்பிட்டால் அவன் போனை எடுப்பதில்லை.

நீயும் லொரெய்னும் சௌக்கியமா? உன் அக்காள் எல்மா உங்கள் இருவரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். இங்கே பனி முழங்காலுக்கு மேல். அங்கே நீ அரைக்கால் சட்டையோடு எலுமிச்சை மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பாய். மரியாதைக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது. இனி நீ உட்கார்ந்துகொண்டு படிப்பது நல்லது.

மகனுடைய பிறந்தநாளுக்கு ஒரு தகப்பன் கடிகாரம் தரலாம், நல்ல பூட்ஸ் தரலாம். நீ, விசையை அழுத்த அழுத்த அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைபிளை வாங்கிக் கொடுத்து, எனக்குப் பதிலாக இந்த வருஷம் நீ போய்விட்டு வா என்று வேட்டை முகாமுக்கு அனுப்பிவைத்தாய். இந்த முகாமில் பங்கு நாலே பேருக்கு: எனக்கு, அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் பெர்சி நியெமிக்கு, மரலாரி ஓட்டி ஓய்வுபெற்ற கிளாரன்ஸ் ட்ரெம்பேக்கு, ஊரை விட்டு ஓடிப்போன உனக்கு. நாலு பேரும் இத்தனை காலம் துப்பாக்கியின் பூட்டுக்கம்பியான போல்ட்டைக் கையால் இழுத்து, ஒரு தோட்டா சுட்டு, மறுபடி இழுத்துத்தான் வேட்டையாடினோம். எழுதிவைத்த சட்டம் எதுவும் இல்லை. வேறு மாதிரி யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். டேரில் பெட்டியைத் திறந்தபோது பெர்சி, உள்ளே இறைச்சி வைத்துச் சுடும் பாஸ்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தான். மாவுக் கையோடு எட்டிப் பார்த்து, "இது துப்பாக்கியா, இல்ல செவுத்துல ஓட்ட போடற மெஷினா?" என்றான். கிளாரன்ஸ் மட்டும் அதைக் கைக்குழந்தை போல வாங்கி மடியில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் மான் வேட்டை சீசன் தொடக்கம். உன் மகன் போட்டுவந்த மேல்சட்டை, கையை அசைத்தால் சிப்ஸ் பொட்டலம் பிரிப்பதுபோல் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தோடு என் மறைகுடிலுக்குள் வராதே என்று சொல்லி, என் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். எந்தச் சட்டை என்று உனக்குத் தெரியும். சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது துணி மாறிப்போகக் கூடாது என்று எல்மா காலரின் உள்பக்கம் வெள்ளை நூலில் வெ. ஹகாலா என்று தைத்துவைத்த சட்டை. அந்த நூலை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் அது வரும். அவனுக்கு அதைக் கொடுத்துவிட்டு நான் ஒரு மெல்லிய பனியன் ஜாக்கெட்டில் நடுங்கிக்கொண்டு அவனுடைய வலதுபக்கம் உட்கார்ந்தேன். விடியப்போகிற நேரம், காட்டில் ஒரு இலை அசையவில்லை. உன் மகன் தோட்டாவைப் போட்டு போல்ட்டை விட்டான். சடார்! ஒரு தகரக் கதவை யாரோ கோபத்தில் சாத்தியதுபோல் இருந்தது. "டேய், மெல்ல மூடுடா, மானுக்கு காது இருக்கு" என்றேன். "மாமா, இத மெல்ல மூடக் கூடாதாம், அதுவா போய் அடிச்சாத்தான் பூட்டுமாம், புத்தகத்துல போட்டிருக்கு" என்றான். "புத்தகம் எழுதினவன் இங்க உக்காந்திருக்கானா, நான் உக்காந்திருக்கேனா? தொறந்து மெல்ல மூடு" என்றேன். நல்ல பிள்ளை, சொன்னபடி திறந்து, வெளியே விழுந்த தோட்டாவை மறுபடி போட்டு, கையால் பிடித்து மெல்ல மூடினான். அது முழுதாகப் பூட்டவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. வெளிச்சம் வந்தது, அந்தக் கலைமானும் வந்தது, பக்கவாட்டில் அழகாக நின்றது. டேரில் விசையை அழுத்தினான். டிக். வேறு ஒன்றும் இல்லை. மான் தலையைத் தூக்கி, யார் பேனாவைத் தட்டுவது என்று கேட்பதுபோல எங்களைப் பார்த்தது.

அதற்கப்புறம் நடந்ததை நிதானமாக எழுதப் பார்க்கிறேன். இந்த மாநிலத்தில் அந்த ரகத் துப்பாக்கியில் ஆறு தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆறுதான் போட்டிருந்தான். போல்ட்டை மறுபடி இழுத்தபோது ஒன்று சுடாமலே வெளியே விழுந்தது. மீதி ஐந்தையும் அவன் விட்டான். ஒரு மனுஷன் தும்மி முடிக்கிற நேரத்தில் ஐந்து! போல்ட் துப்பாக்கியாக இருந்தால் ஒன்று சுட்டிருப்பான், இழுப்பதற்குள் மான் போயிருக்கும், நாங்களும் காபி குடிக்கப் போயிருப்போம். ஐந்து குண்டில் இரண்டு பிர்ச் மரத்தில் இருக்கின்றன. ஒன்று பழைய அடிக்கட்டையில். இரண்டைப் பற்றித் தகவல் இல்லை. இது போதாது என்று அந்தக் கருமம் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டை வலதுபக்கம் துப்புகிறது. வலதுபக்கம் யார்? நான். கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டை யார் மேல்? உன் மகன் மேல். இரண்டாவது கூடு, அடுப்பிலிருந்து எடுத்த கரித்துண்டு மாதிரி, என் ஜாக்கெட் கழுத்து வழியாக உள்ளே இறங்கி இடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. நான் எழுந்து குதித்தேன். யாராக இருந்தாலும் குதித்திருப்பார்கள். அதைப் பாலத்துப் பக்கமிருந்து தொலைநோக்கியில் பார்த்த கிளாரன்ஸ், "முதல் ரெண்டு டேரில் தவறவிட்டது. மீதி மூணு இந்த ஆளு ஆடின ஆட்டத்துல தவறினது" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறான்.

சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னால் பெர்சி கத்தரிக்கோலை எடுத்தான். சுவரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. குறி தவறியவனின் சட்டையில் பின்பக்கம் தொங்கும் வாலைக் கத்தரித்து, பெயரும் வருஷமும் எழுதி, ஆணியடித்துத் தொங்கவிடுகிற சுவரில் உன் பெயரே ஏழு இடத்தில் இருக்கிறது. கிளாரன்ஸின் பெயரை எண்ணுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். அந்தச் சுவரில் இல்லாத ஒரே பெயர் என்னுடையது. நான் பெருமை பேசுகிறவன் இல்லை, வருகிற விருந்தாளிகளிடம் சுவரைக் காட்டி, யார் பெயர் இல்லை என்று தேடுங்கள் பார்ப்போம் என்று மட்டும் சொல்வேன். டேரில் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நின்றான். பெர்சி வாலைக் கத்தரிக்கப் போனான். அப்போது கிளாரன்ஸ் ஸ்பூனால் மேஜையைத் தட்டினான்.

"அஞ்சு குண்டு. அஞ்சு வாலு."

"ஒரு சட்டைக்கு ஒரு வாலுதாண்டா இருக்கும்" என்றான் பெர்சி.

"அப்ப சட்டக் கைய வெட்டு. தவறின குண்டுக்கு ஒண்ணு, அதான் கணக்கு. இதுவரைக்கும் ஒரு காலைல அஞ்சு தவறவிட எவன்கிட்டயும் வசதி இல்ல. இப்ப வசதி வந்துடுச்சு."

"அது என் சட்டை!" என்றேன்.

"சட்ட யாருதுன்னு சொவுரு கேக்காது வெர்னர். போட்டுக்கிட்டிருக்கறது என்னவோ, அதத்தான் வெட்டுவேன்" என்றான் பெர்சி.

வெட்டினான், டெல்பர்ட். முதலில் வால். பிறகு இடதுகை, வலதுகை. நாலாவதாக மார்புப் பை. ஐந்தாவதுக்குக் காலரைப் பிய்த்தான். டேரில் உரித்த கோழிபோல நின்றான், "மாமா, நான் புதுசு வாங்கித் தர்றேன் மாமா" என்று அழாத குறையாகச் சொன்னான். காலரை உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி ஆணியடித்தார்கள். வெள்ளை நூலில் பளிச்சென்று வெ. ஹகாலா. பெயர் எழுதப் பேனாவை எடுத்த பெர்சி, "இதுல ஏற்கெனவே பேர் இருக்கே, மை மிச்சம்" என்று மூடி வைத்துவிட்டான். சுட்ட மனுஷனைப் பார், சட்டையைப் பார்க்காதே என்று அன்றிலிருந்து நான் கத்திக்கொண்டிருக்கிறேன். கேட்பார் இல்லை.

இது வீட்டுக்குள் நடந்த கேலியாகவே முடிந்திருந்தால் நான் தபால்தலையை வீணாக்கியிருக்கமாட்டேன். மறுநாள் நம் வாரப் பத்திரிகையிலிருந்து மெரிடித் என்ற பெண் முகாம் செய்திகளுக்காக வந்தாள். முப்பத்தெட்டு வருஷம் நான் உட்கார்ந்திருந்த ஆசிரியர் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். நான் விறகு பிளக்கப் போயிருந்தேன், டேரில் விமானத்துக்குக் கிளம்பிவிட்டான். அவள் சுவரைப் படம் பிடித்தாள், கிளாரன்ஸை நாலு கேள்வி கேட்டாள், போனாள். புதன்கிழமை மூன்றாம் பக்கத்தில் படத்தோடு வந்தது: பைக் ஆற்று முகாமின் சுவரில் வெர்னர் ஹகாலாவின் சட்டை, ஐந்து துண்டுகளாக. இம்முகாமில் தவறிய ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு துண்டு என்பது வழக்கம். நான் பெட்ரோல் பங்க் போனில் அவளைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவள் அமைதியாக, "சார், அது உங்க சட்டைதானே? அஞ்சு துண்டுதானே? வழக்கம் அதுதானே? எந்த வரி தப்புன்னு சொல்லுங்க, திருத்திடறேன்" என்றாள். ஒவ்வொரு வரியும் உண்மை, மொத்தச் செய்தியும் பொய்! என் வாழ்நாளில் இப்படி ஒன்றை நான் அச்சில் ஏற்றியதில்லை. பெட்ரோல் பங்க்கில் இருக்கிற பையன்கூட ஐந்து விரலை விரித்துக் காட்டுகிறான். லுத்தரன் சர்ச் பாதிரியார் வழியில் பார்த்துக் கைகுலுக்கிவிட்டு, "அஞ்சா?" என்று மட்டும் கேட்டார்.

ஹகாலா எக்காலத்திலும் இம்முகாமில் குறி தவறியதில்லை, சுட்டவர் டேரில் என்று ஒரு திருத்தம் போடு என்று கேட்டேன். சுட்டவர் தன் வாயால் சொன்னால் போடுகிறேன் என்கிறாள். சரியான நடைமுறைதான், அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. சுட்டவனோ போனை எடுப்பதில்லை.

நான் ஒருதலைப்பட்சமாக எழுதுகிறவன் இல்லை என்பதால் எதிர்த்தரப்பையும் பதிவு செய்கிறேன். கிளாரன்ஸ் சொல்வது இது: "என் தோள்ல இருக்கறது எலும்பு இல்ல, டாக்டர் வெச்ச இரும்பு. உன் போல்ட் துப்பாக்கி ஒரு ஒத ஒதச்சா ரெண்டு நாளைக்கு நான் பல்லு விளக்க முடியாது. இது ஒதைக்கறதே இல்ல, தட்டிக் குடுக்குது. அப்புறம் கேளு, முதல் குண்டு ஏனோதானோன்னு பட்டா மான் காட்டுக்குள்ள போயி கெடந்து சாவும். ரெண்டாவது உடனே கெடச்சா அதுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி. போல்ட்ட இழுக்க கைய ஆட்டினா பாத்துடும், இதுல கைய ஆட்ட வேண்டாம்." தோளைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதற்கு என் பதில்: அது என் துப்பாக்கியைவிடக் கனம், ஓடை தாண்டுவதற்குள் தோள்பட்டை இறங்கிவிடுகிறது. குளிரில் எண்ணெய் தேன்போல் இறுகிக்கொண்டு பாதி வழியில் மாட்டுகிறது. சத்தமில்லாமல் தோட்டா ஏற்ற முடியாது. ஒவ்வொரு நாளும் கழற்றித் துடைக்க வேண்டும். உன் மகன் அதைச் சாப்பாட்டு மேஜையில் கழற்றி, கோதுமை மணி அளவு ஒரு பின்னைத் தொலைத்து, நாலு பேரும் தரையில் தவழ்ந்து தேடி, கடைசியில் அது பாஸ்டிக்குள் கிளாரன்ஸின் கடைவாய்ப் பல்லுக்கு அகப்பட்டது. பல்லில் பாதி போய்விட்டது, அந்த ஆள் கட்சி மாறவில்லை. எல்லாவற்றுக்கும் மேலான குற்றம் இதுதான்: இரண்டாவது குண்டு கையருகே இருக்கிறது என்று தெரிந்தவன் முதல் குண்டை ஒழுங்காகச் சுடமாட்டான். முதல் குண்டைக் கவனமாகச் சுட வைப்பதே அடுத்தது லேசில் கிடைக்காது என்ற பயம்தான். அந்தப் பயம் இல்லாதவன் கையில் ஐந்தல்ல, ஐம்பது கொடுத்தாலும் பிர்ச் மரம்தான் சாகும்.

ஆகவே நன்றி நாள் விருந்துக்குப் பிறகு வரும் சனிக்கிழமை, 28ஆம் தேதி, முகாமில் ஓட்டெடுப்பு. செமி ஆட்டோமேட்டிக்குக்குத் தடை என்பது என் தீர்மானம். கிளாரன்ஸ் எதிர்க்கிறான். பெர்சி, "யார் ஜெயிச்சாலும் தோத்தவன் என் சாப்பாட்டத்தான் கொற சொல்லுவான், என்ன விட்டுடுங்க" என்று ஒதுங்கிவிட்டான். எனவே முடிவு உன் கையில். நீ மனசாட்சி உள்ளவனாக இருந்தால் தடைக்கு ஓட்டுப் போட்டு, பெட்ரோல் பங்க் போனுக்குக் கூப்பிட்டு அதைக் கிளாரன்ஸ் காதில் விழும்படி சொல். இரண்டாவது, உன் மகனை உட்காரவைத்து, மெரிடித்தைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லவை. மூன்றாவது, அந்தக் கறுப்புச் சனியனை அவன் இங்கேயே மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஆளனுப்பி எடுத்துக்கொண்டு போ.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ போகும்போது அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனாயே, பச்சைக் கட்டம் போட்ட சட்டை, திரும்பி வரும்போது போட்டுக்கொள்வேன், யாரும் தொடாதீர்கள் என்று. இத்தனை வருஷமாக யாரும் தொடவில்லை. தொட நான் விட்டதில்லை. அடுத்தவன் சட்டையை மதிப்பது எப்படி என்று உன் குடும்பம் என்னிடம் கற்றுக்கொள்ளட்டும்.

உனக்கும் லொரெய்னுக்கும் தேக சுகமும் நீண்ட ஆயுளும் உண்டாகட்டும். டேரில் நல்லவன், அவனுக்கும் எல்லா நன்மையும் சேரட்டும், தொலைவிலேயே சேரட்டும்.

இப்படிக்கு,
கோபம் தணியாத உன் அத்தான்,
வெர்னர் ஹகாலா.

பின்குறிப்பு: திங்கள், 23ஆம் தேதி. நேற்று ஞாயிறு, தபால் இல்லை. அதனால் கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. கிழித்துவிட்டு வேறு எழுதலாம், ஆனால் எழுதியதை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மேலே ஒரு பொருளைப் பற்றி ஒரு பக்கத்துக்குக் குறை எழுதியிருக்கிறேன். அதை ஒருமுறைகூடச் சுட்டுப் பார்க்கவில்லை என்பது நேற்று முழுக்க உறுத்தியது. தொழில் தர்மத்துக்காக இன்று காலை அதை எடுத்துக்கொண்டு போனேன். போல்ட்டை அதன் இஷ்டத்துக்குச் சடாரென்று விட்டேன், பூட்டிக்கொண்டது. ஓடைக்கரையில் அந்த எட்டுக்கிளைக் கலைமான் வந்தது. முதல் குண்டு வயிற்றுக்குக் கீழே பனியில் போனது. எங்கிருந்து சத்தம் என்று தெரியாமல் மான் ஒரு கணம் அப்படியே நின்றது. நான் கையை அசைக்க வேண்டியிருக்கவில்லை, விரலை மட்டும் அசைத்தேன். மான் நின்ற இடத்திலேயே விழுந்தது, துடிக்கக்கூட இல்லை. தோள் வலிக்கவில்லை. கிளாரன்ஸின் வாதம் எட்டுக் கிளைகளோடு முற்றத்துக் கம்பத்தில் தொங்குகிறது.

கிளாரன்ஸ் மான் கொம்பைக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டு சத்தம் கேட்டுச்சு. ஒரு மான்தான் இருக்கு" என்றான். பெர்சி கத்தரிக்கோலோடு வந்துவிட்டான். இது என் சட்டையே இல்லை என்றேன். "சட்டையப் பாக்காத, சுட்ட மனுஷனப் பாருன்னு ஒரு வாரமா தொண்ட கிழிய கத்தினியே? ஒத்துக்கிட்டோம் வெர்னர். நீ சொன்னதுதான் சரி. அஞ்சும் டேரில் பேருக்கு மாத்தியாச்சு. இது உன் பேருக்கு" என்று சொல்லிப் பேனாவைத் திறந்தான். என் கட்சி ஜெயித்துவிட்டது, டெல்பர்ட். என் சட்டை சுவரில் இருந்ததாலும், காலையில் குளிர் கடுமையாக இருந்ததாலும், நான் போட்டுக்கொண்டு போனது உன் பச்சைச் சட்டை. வால் போனது தவிர நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே செருகிக்கொண்டால் தெரியாது.

ஓட்டை நீ எப்படிப் போட்டாலும் எனக்கு வருத்தமில்லை. கிளாரன்ஸின் தோளையும் நினைத்துப் பார். துப்பாக்கியை எடுக்க ஆளனுப்ப அவசரம் எதுவும் இல்லை.

மத்தியானம் பெட்ரோல் பங்க்குக்குப் போய் மெரிடித்தைக் கூப்பிட்டேன். டேரில் நேற்று அவனாகவே அவளைக் கூப்பிட்டு ஐந்தையும் ஒப்புக்கொண்டானாம், மாமாவின் பெயரை எப்படியாவது காப்பாற்றுங்கள் என்றானாம். தங்கமான பிள்ளை. ஹகாலா எக்காலத்திலும் குறி தவறியதில்லை என்று நான் கேட்டபடியே திருத்தம் எழுதிவிட்டாளாம். நிறுத்து என்றேன். "சார், பக்கம் அச்சுக்குப் போயிடுச்சு" என்றாள்.

ஆக, புதன்கிழமை வரப்போகும் திருத்தம் தவறு. அதற்கான திருத்தம் டிசம்பர் 2ஆம் தேதி இதழில் எதிர்பார்க்கப்படுகிறது.

வெ. ஹ.